உறைபனிக்கு முன் தோட்டத்தில் எதை முதலில் செய்வது?

காந்தல்_பள்ளம் (உதகை), நவம்பர் 8, மாலை

அனைவருக்கும் வணக்கம். கோயம்புத்தூரிலிருந்து உதகைக்குக் குடிபெயர்ந்து இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. காந்தலில், ஓடையை ஒட்டிய தாழ்வான இடத்தில், வீட்டுடன் எட்டு சென்ட் தோட்டம் அமைந்திருக்கிறது. இருபது ரோஜாச் செடிகள், வேலியோரம் ஹைட்ரேஞ்சியா, ஒரு வரிசை டேலியா, ஒரு பிளம்ஸ் மரம், ஒரு பேரி மரம், பின்புறம் முட்டைக்கோசுக்கும் கேரட்டுக்கும் நான்கு பாத்திகள் ஆகியவை அதில் உள்ளன.

முன்பு இங்கே குடியிருந்தவர்கள் விட்டுச் சென்ற ஆங்கிலத் தோட்டக் கையேட்டில், இலையுதிர்காலக் கடைசியில் செய்ய வேண்டியவை என்று ஒரு பெரிய பட்டியல் இருக்கிறது. ரோஜாவைக் கவாத்து செய்யவும் (கிளைகளை வெட்டிக் குறைக்கவும்), டேலியாக் கிழங்கைத் தோண்டி உள்ளே எடுத்து வைக்கவும், பாத்திகளுக்கு இலை, வைக்கோல் கொண்டு கனமாக மூடாக்கு இடவும் அது சொல்கிறது. சென்ற ஆண்டு அதை வேதவாக்காகக் கொண்டு, நவம்பர் நடுவில் ரோஜாக்களை முழங்கால் உயரத்துக்கு வெட்டினேன். மூன்றே வாரத்தில் செம்பு நிறத் துளிர்கள் அழகாகக் கிளம்பின. டிசம்பரில் ஒரே இரவில் அவை அனைத்தும் வெந்த கீரையைப் போலக் கறுத்துத் தொங்கின. தோண்டி எடுத்த டேலியாக் கிழங்குகளோ கொட்டகையில் பூசணம் பிடித்து அழுகின.

இந்த ஆண்டு மழை இன்னும் விடவில்லை. உறைபனி தொடங்குவதற்குள் எதைச் செய்ய வேண்டும், எதைச் செய்யாமல் விட வேண்டும் என்பதை அனுபவம் உள்ளவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

கேத்தி_பழையவர், நவம்பர் 8, இரவு

அன்புள்ள காந்தல் நண்பருக்கு, உங்கள் கையேட்டில் பிழை இல்லை. அது வேறு ஊருக்காக எழுதப்பட்டது. லண்டனில் டிசம்பரில் பகல் எட்டு மணி நேரம்கூட நீடிப்பதில்லை. மண் உறைகிறது, செடி உறங்குகிறது, உறங்கும் செடியை வெட்டினால் அது வசந்தம் வரும்வரை துளிர்க்காது. நாம் இருப்பது பூமத்திய ரேகைக்கு வடக்கே பதினொன்றரைப் பாகைக்கும் குறைவான தொலைவில். மார்கழியின் மிகக் குறுகிய பகல்கூட இங்கே பதினொரு மணி நேரத்துக்கு மேல் இருக்கிறது, நண்பகலில் வெயில் சுளீரென்று அடிக்கிறது, இரவில் மட்டும் புல்நுனி உறைகிறது. ஆகவே நம் ரோஜா உறங்குவதே இல்லை. கத்தரிக்கோல் பட்டவுடன் வெயிலை நம்பித் துளிர்க்கிறது, துளிர்த்த பிறகு இரவில் மாட்டிக்கொள்கிறது. உங்களுக்கு நேர்ந்தது இதுதான்.

என் அறுபது ஆண்டுப் பழக்கத்தில், ஐப்பசி கார்த்திகையில் முதல் வேலை மண்வெட்டிக்கு, இரண்டாவது வேலை சருகு கூட்டும் துடைப்பத்துக்கு, கத்தரிக்கோலுக்குக் கடைசியில்தான் வேலை.

மண்வெட்டி என்று சொல்வது வடிகாலுக்காக. ஐப்பசி அடைமழை, கார்த்திகை கனமழை என்பது சமவெளிக்கு மட்டும் சொன்ன பழமொழி அன்று. வடகிழக்குப் பருவமழை கேத்தி, குன்னூர், கோத்தகிரிப் பக்கம் எப்படிப் பெய்யும் என்பதை 2009 நவம்பரில் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். அந்த நிலச்சரிவுகளில் நாற்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். எனவே மழை முடியும்வரை சரிவில் புதிதாக எதையும் வெட்டாதீர்கள், மேட்டைச் செங்குத்தாகச் செதுக்காதீர்கள், புல் பிடித்த விளிம்பைச் சுத்தம் செய்கிறேன் என்று சுரண்டாதீர்கள். இருக்கிற வாய்க்காலில் தேங்கிய இலையையும் வண்டலையும் மட்டும் வாரி, தண்ணீர் புல் மூடிய இடத்துக்குப் போகும்படி விட்டால் போதும். பக்கத்து வீட்டுத் தடுப்புச் சுவரின் பின்னால் நீரைத் திருப்பிவிடுவது பகையையும் சரிவையும் ஒன்றாக வரவழைக்கும். உங்கள் தோட்டம் தாழ்வானது என்பதால், பாத்திகளை ஒரு சாண் உயர்த்தி, இடையே கால்வாய் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

டேலியாவை இங்கே தோண்ட வேண்டியதே இல்லை. நம் மண் கிழங்கின் ஆழம்வரை உறைவதில்லை. கிழங்கைக் கெடுப்பது குளிர் அன்று, ஈரம். தண்டு கருகிய பிறகு ஒரு சாண் விட்டு வெட்டி, மேலே மண் அணைத்து, நீர் தேங்காமல் பார்த்துக்கொண்டால் சித்திரையில் தானே முளைக்கும்.

வில்பட்டி_பூண்டுக்காரி (கொடைக்கானல்), நவம்பர் 9, காலை

ஐயா சொன்னதுடன் எங்கள் மலையின் கணக்கையும் சேர்க்கிறேன். பழனி மலைக்கு வடகிழக்குப் பருவமழைதான் பெரிய மழை என்பதால், எங்களுக்குத் தோட்ட வேலை உண்மையில் தொடங்குவது கார்த்திகைக் கடைசியில்தான். கார்த்திகைக்குப் பின் மழையும் இல்லை, கர்ணனுக்குப் பின் கொடையும் இல்லை என்பார்கள். ஆனால் சில ஆண்டுகளில் மார்கழியிலும் புயல் மழை வந்து அந்தப் பழமொழியைப் பொய்யாக்கிவிடுகிறது. 2018 நவம்பரில் கஜா புயல் கடந்தபோது கொடைக்கானலில் சாய்ந்த மரங்களை எண்ண முடியவில்லை. அன்றிலிருந்து மழைக்காலத்துக்கு முன்பே, வீட்டின் மேல் சாயக்கூடிய கிளைகளை இறக்கிவிடுகிறேன். கவாத்தில் இந்த ஒரு வேலையை மட்டும் தள்ளிப்போடக் கூடாது.

ஐப்பசியில் ஊன்றிய மலைப்பூண்டு இப்போது சில இலைகளுடன் நிற்கிறது. அதற்கு உறைபனியால் பெரிய கேடில்லை. இலை நுனி மஞ்சளானாலும் பல் பிடிப்பது நிற்பதில்லை. அதற்குப் பகை தேங்கும் நீர்தான். கேரட்டும் முட்டைக்கோசும் குளிரைத் தாங்கும், குளிர் பட்ட கேரட்டில் இனிப்பும் கூடும். பீன்ஸும் உருளைக்கிழங்கும் தாங்கா. பட்டாணிச் செடி தாங்கும், அதன் பூவும் பிஞ்சும் தாங்கா. எனவே தாழ்வான பாத்தியில் எதை வைப்பது என்பதை நவம்பரில் தீர்மானிக்க முடியாது, ஆவணியிலேயே தீர்மானித்திருக்க வேண்டும்.

குன்னூர்_சரிவு, நவம்பர் 9, நண்பகல்

பெரியவர் மன்னிக்க வேண்டும், எனக்கு இதில் உடன்பாடு இல்லை. பதினைந்து ஆண்டுகளாக ஒவ்வொரு நவம்பரிலும் ரோஜாவைக் கவாத்து செய்துவருகிறேன். ஒரு துளிர்கூடக் கருகியதில்லை. பொங்கலுக்கு முதல் பூக்கள் மேசையில் இருக்கும். சமவெளியில் கவாத்து செய்தால் ஏறத்தாழ 45 நாளில் பூக்கிற செடி, இங்கே இன்னும் பத்துப் பதினைந்து நாள் கூடுதலாக எடுத்துக்கொள்கிறது, அவ்வளவுதான். கவாத்தைத் தை, மாசி வரை தள்ளினால் குளிர்காலப் பூக்களையே இழந்துவிடுவோம். காந்தல் நண்பரின் செடிகள் கருகியதற்கு அவர் இட்ட உரம் காரணமாக இருக்கலாம் என்று நினைக்கிறேன். கவாத்துக்குப் பின் யூரியா போட்டீர்களா?

காந்தல்_பள்ளம், நவம்பர் 9, மாலை

போட்டேன். கையேட்டில் இல்லை, உரக்கடையில் சொன்னார்கள். ஒரு செடிக்கு ஒரு கைப்பிடி.

கேத்தி_பழையவர், நவம்பர் 9, இரவு

குன்னூர் நண்பர் சொல்வதும் மெய், நான் சொன்னதும் மெய். குன்னூர் ஏறத்தாழ 1,850 மீட்டரில், சரிவில் இருக்கிறது. உதகை 2,240 மீட்டரில், காந்தலோ அதற்குள் ஒரு கிண்ணத்தின் அடியில் இருக்கிறது. குளிர்ந்த காற்று கனமானது, அது தண்ணீரைப் போலவே சரிவில் வழிந்து பள்ளத்தில் தேங்கும். அதனால்தான் தலைகுந்தா, காந்தல், தாவரவியல் பூங்காவின் புல்வெளி, குதிரைப் பந்தய மைதானம் ஆகிய இடங்கள் வெளுக்கிற காலையில், அவற்றுக்கு மேலே உள்ள மேட்டில் பனித்துளி மட்டும் இருக்கும். சரிவில் இருப்பவர்களின் தோட்டத்தில் குளிர் நிற்காமல் வழிந்து போய்விடுகிறது. அவர்கள் நவம்பரில் வெட்டலாம், பொங்கலுக்குப் பூப்பறிக்கலாம், நமக்கு அந்தக் கொடுப்பினை இல்லை.

யூரியா பற்றிய கேள்வி மிகச் சரியானது. தழைச்சத்து கொடுத்தால் நீர் நிறைந்த இளந்தழை வரும், முதலில் கருகுவதும் அதுதான். புரட்டாசிக்குப் பிறகு பள்ளத்துத் தோட்டத்தில் தழைச்சத்து உரத்தை நிறுத்திவிட வேண்டும். தண்டை முற்றச் செய்யும் சாம்பல் சத்தைக் கொடுக்கலாம். விறகடுப்பு இன்னும் வைத்திருக்கும் வீடுகளில் சாம்பலுக்குப் பஞ்சம் இருக்காது.

காந்தல் நண்பர் ஒரு காரியம் செய்யுங்கள். உங்கள் கீழ் வேலி எப்படி இருக்கிறது என்று பாருங்கள். அடிவரை அடர்ந்த வேலியாக இருந்தால் அது அணைக்கட்டைப் போலக் குளிர்காற்றைத் தேக்கும். தாழ்ந்த மூலையில் தரையோடு இரண்டடி அகலத்துக்கு வழி திறந்துவிடுங்கள்.

காந்தல்_பள்ளம், நவம்பர் 10, காலை

சைப்ரஸ் வேலி, தரைவரை அடர்த்தியாக இருக்கிறது. காற்று புகாமல் இருப்பது நல்லது என்றல்லவா இத்தனை நாள் நினைத்திருந்தேன்! ஞாயிற்றுக்கிழமை மூலையைத் திறந்துவிடுகிறேன்.

இன்னொரு கேள்வி. செய்தியில் குறைந்தபட்ச வெப்பநிலை நான்கு டிகிரி என்று சொல்கிற நாளிலேயே எங்கள் புல் வெள்ளையாகிவிடுகிறது. நான்கு டிகிரியில் எப்படி உறையும்?

பாம்பார்புரம்_ஆசிரியர் (கொடைக்கானல்), நவம்பர் 10, மாலை

பள்ளியில் இயற்பியல் நடத்தியவன் என்ற உரிமையில் இதற்கு நான் விடை சொல்கிறேன். வானிலைத் துறையின் வெப்பமானி, காற்றோட்டமுள்ள வெள்ளைப் பெட்டிக்குள், தரையிலிருந்து ஏறத்தாழ நான்கடி உயரத்தில் இருக்கும். மேகமும் காற்றும் இல்லாத இரவில் புல்லும் இலையும் தம் வெப்பத்தை நேரே வானத்துக்கு இழக்கின்றன. அதனால் அவை தம்மைச் சுற்றியுள்ள காற்றைவிடவும் குளிர்ந்துவிடுகின்றன. நான்கடி உயரத்தில் நான்கு டிகிரி இருக்கும்போது புல்மட்டத்தில் சுழியம் இருப்பதில் வியப்பில்லை. மேகம் மூடிய இரவில் உறைபனி விழாததற்கும், மரத்தடிச் செடி தப்புவதற்கும், கூரைத் தாழ்வாரத்தில் வைத்த தொட்டி பிழைப்பதற்கும் காரணம் ஒன்றுதான்: செடிக்கும் வானத்துக்கும் இடையே ஏதோ ஒன்று மறைக்கிறது.

ஆகையால் முன்னறிவிப்பு எளிது. பகலில் மழை விட்டு வானம் நீலமாகத் தெளிந்து, மாலையில் காற்று அடங்கி, ஏழு மணிக்கே நட்சத்திரங்கள் கூர்மையாகத் தெரிந்தால், அன்றிரவு செடிகளைப் போர்த்துங்கள். மழை நின்ற மறுநாளும் அதற்கு அடுத்த நாளும்தான் மிகவும் ஆபத்தான இரவுகள். ஒரு தட்டில் சிறிது தண்ணீர் ஊற்றி, தோட்டத்தின் மிகத் தாழ்ந்த மூலையில் தரையில் வைத்துவிட்டு, காலையில் ஏடு கட்டியிருக்கிறதா என்று பாருங்கள். வெப்பமானி வாங்கும்வரை அது போதும்.

தைப்பனி தரையைத் துளைக்கும், மாசிப்பனி மச்சைத் துளைக்கும் என்ற பழமொழியை நம்பி மலையில் தை வரை காத்திருந்தால், கார்த்திகையிலேயே தரை வெளுத்துவிடும். உதகையில் பெரும்பாலும் நவம்பர் நடுவிலிருந்தும், எங்கள் ஏரிப் பகுதியிலும் கீழ்பூமியிலும் டிசம்பரிலிருந்தும் அதை எதிர்பார்க்கலாம்.

காந்தல்_பள்ளம், நவம்பர் 11

எதனால் போர்த்துவது? சென்ற ஆண்டு பிளாஸ்டிக் தாளை ரோஜாக்களின் மேல் இறுக்கமாகப் போர்த்தினேன். தாள் தொட்ட இலைகள்தான் முதலில் கருகின.

கேத்தி_பழையவர், நவம்பர் 11, இரவு

பிளாஸ்டிக் தாள் இலையைத் தொட்டால், தாளின் குளிர் அப்படியே இலைக்கு இறங்கும். உள்ளே வியர்த்த நீரும் அதன்மேல் உறையும். காலையில் எடுக்க மறந்தால் வெயிலில் அவிந்தும் போகும். பழைய சாக்கு, பருத்தித் துணி, வைக்கோல் ஆகியவை மேல். நான்கு குச்சி நட்டு, செடியைத் தொடாமல் பந்தல் போலப் போட்டு, ஓரங்கள் தரையைத் தொடும்படி விடவேண்டும். போர்வை வெப்பத்தை உண்டாக்குவதில்லை, மண் பகலில் வாங்கிய வெப்பத்தைப் பிடித்து வைக்கிறது. எனவே தண்டோடு சேர்த்துக் கட்டினால் பயன் இல்லை, தரையையும் சேர்த்து மூடினால்தான் பயன்.

உதகைத் தாவரவியல் பூங்காவில் அலங்காரச் செடிகளின் மேல் மிளாறு போர்த்தியிருப்பதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். இலையோடு வெட்டிய அந்தக் குச்சிகளைச் செடியைச் சுற்றிச் சாய்த்து நட்டால், காற்றும் வெளிச்சமும் போகும், வானம் மட்டும் மறையும். தினம் காலையில் எடுத்து மாலையில் போட வேண்டிய வேலையும் இல்லை. வயதான எனக்கு இதுவே வசதி.

கோத்தகிரி_நாற்றங்கால், நவம்பர் 12, காலை

மிளாறு வெட்டுவோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கைக்கு எளிதாகக் கிடைக்கிறது என்று சீகை (வாட்டில்) மரக் கிளைகளைக் கொண்டுவருகிறார்கள். சீகையை வெட்டுவதில் தவறு இல்லை, அது நம் புல்வெளிகளையும் சோலைகளையும் விழுங்கிய அயல் மரம்தான். ஆனால் காயோடு கொண்டுவந்தால் அதன் விதை தோட்ட மண்ணில் பல்லாண்டு காலம் உயிரோடு கிடந்து, கிளறும்போதெல்லாம் முளைக்கும். காயில்லாத கிளையாகப் பார்த்துக் கொண்டுவாருங்கள். மஞ்சள் பூ பூக்கும் புரூம் புதரையும் அப்படித்தான் கவனிக்க வேண்டும்.

குன்னூர்_சரிவு, நவம்பர் 12, மாலை

பூங்காக்களில் அதிகாலையில் தெளிப்பான் வைத்து நீர் அடிக்கிறார்களே, அதை வீட்டில் செய்யலாமா? மற்றொன்று, கையேடு சொல்லும் மூடாக்கைப் பற்றி யாரும் பேசவில்லை. கனமாக மூடாக்கு போட்டால் வேருக்குப் பாதுகாப்புத்தானே?

பாம்பார்புரம்_ஆசிரியர், நவம்பர் 13, காலை

இந்த இரண்டு கேள்விகளிலும் நம்மில் பலருக்குக் குழப்பம் இருப்பதால் சற்று விரிவாக எழுதுகிறேன்.

நீர் உறையும்போது ஒரு கிராமுக்கு ஏறத்தாழ 80 கலோரி வெப்பத்தை வெளியிடுகிறது. இரவு முழுவதும் இடைவிடாமல் தெளித்தால், உறைந்துகொண்டே இருக்கும் நீர் இலையைச் சுழியத்துக்குக் கீழே போகவிடாது. இதில் முக்கியமான சொல் ‘இடைவிடாமல்’ என்பதே. நடு இரவில் குழாய் நின்றுவிட்டால், ஈர இலையிலிருந்து ஆவியாகும் நீர் ஒரு கிராமுக்கு ஏறத்தாழ 600 கலோரி வெப்பத்தைப் பிடுங்கிக்கொண்டு போகும். தெளிக்காமல் விட்டதைவிட மோசமாகிவிடும். மின்வெட்டும் தண்ணீர் முறையும் உள்ள நம் வீடுகளில் இது வேண்டாத விஷப் பரீட்சை. காலையில் அடிப்பது வேறு காரியம். வெயில் நேரே விழுவதற்கு முன் உறைபனியைக் கழுவிவிட்டு, இலை மெதுவாக இளக வழி செய்வதே அதன் நோக்கம். கிழக்கு வெயில் முதலில் விழும் பாத்திகளுக்குப் பூவாளியால் இதைச் செய்யலாம். சூரியன் எழுவதற்குச் சற்று முன்புதான் குளிர் உச்சத்தில் இருக்கும் என்பதால், அப்போது அடித்தால் அடித்த நீரே உறையும். வெளிச்சம் வந்து குளிர் தளரத் தொடங்கியபின், ஆனால் வெயில் பாத்தியைத் தொடுவதற்குள் அடித்துவிட வேண்டும்.

இவை இரண்டையும்விட எளிதானது முந்தைய நாள் நண்பகலுக்குள் மண்ணை நனைத்து வைப்பது. ஈர மண் உலர்ந்த மண்ணைவிட அதிக வெப்பத்தைப் பகலில் சேர்த்து வைத்து, இரவில் மெல்ல விடும்.

மூடாக்கைப் பற்றிய செய்தி இங்கிருந்துதான் தொடங்குகிறது. உலர்ந்த இலையோ வைக்கோலோ நான்கு அங்குலம் போட்டால், பகல் வெயில் மண்ணுக்குள் இறங்காது, இரவில் மண்ணின் வெப்பம் மேலே வராது. வேர் பத்திரமாக இருக்கும், மேலே உள்ள நாற்றுகள் முன்னைவிட அதிகமாகக் குளிரும். மண்ணே உறைந்து போகிற நாட்டில் வேரைக் காப்பது முதல் கவலை, எனவே அந்தக் கையேடு அப்படிச் சொல்கிறது. நம் மலையில் வேருக்கு ஆபத்து இல்லை, ஆபத்து இலைக்குத்தான். ஆகவே பள்ளத்துத் தோட்டத்தில் கார்த்திகை முதல் தை வரை, தாழ்வான செடிகளும் நாற்றுகளும் உள்ள பாத்திகளில் மூடாக்கை ஒதுக்கி, மண்ணைக் களையின்றி, கிளறாமல், ஈரமாக வைத்திருப்பது நல்லது. மாசி பிறந்து உறைபனி ஓய்ந்து, பங்குனி வரை நீளும் வறட்சி தொடங்கும்போது அதே இலைதழையைத் திரும்பப் பரப்புங்கள், அப்போதுதான் அது தேவை. சரிவுத் தோட்டங்களுக்கு இந்தக் கட்டுப்பாடு பொருந்தாது. மழையில் மண் அரிக்காமல் இருக்க அவர்களுக்கு மூடாக்கு இப்போதே வேண்டும்.

வில்பட்டி_பூண்டுக்காரி, நவம்பர் 13, நண்பகல்

ஒரு காரியத்தை ஏன் செய்கிறேன் என்று தெரியாமலே இத்தனை ஆண்டுகள் செய்துவந்திருக்கிறேன். என் மாமியார் தையில் நாற்றங்காலைக் கூட்டிப் பெருக்கி வைப்பார். இலைச் சருகு ஒன்றுகூடக் கிடக்கக் கூடாது என்பார். அழகுக்காக என்று நினைத்திருந்தேன்.

ஒதுக்கிய சருகை எரிக்காதீர்கள். கற்பூர மர (யூகலிப்டஸ்) இலையாக இருந்தால் நேரே பாத்தியில் போடாமல், சாணத்துடன் தனிக் குவியலாக ஒரு வருடம் மக்கவிட்டுப் பயன்படுத்துங்கள். அந்தக் குவியலில் சமையலறைக் கழிவைச் சேர்க்க வேண்டாம். எங்கள் பக்கம் காட்டுப்பன்றி வரும், நீலகிரியில் கரடியே வரும்.

கோத்தகிரி_நாற்றங்கால், நவம்பர் 14, மாலை

பழ மரங்களைப் பற்றி நான் எழுதுகிறேன்.

நம் மலையில் மெய்யாகவே உறங்குபவை பிளம்ஸ், பீச், பேரி போன்ற இலையுதிர் பழ மரங்கள்தான், கையேடு சொல்வது இவற்றுக்குப் பொருந்தும். ஆனால் நவம்பரில் இன்னும் பாதி இலை இருக்கும், மழையும் இருக்கும். வெட்டுக்காயம் ஈரத்தில் ஆறாது, நோய் புகும். இலை முழுவதும் உதிர்ந்து, தொடர்ந்து நான்கு நாள் வெயில் அடிக்கும் டிசம்பர் கடைசி அல்லது ஜனவரியில் கவாத்து செய்யுங்கள். பீச் மரம் சென்ற ஆண்டு வளர்ந்த குச்சியில்தான் காய்க்கும், எனவே அதைத் தயங்காமல் குறைத்து ஆண்டுதோறும் புதுக் குச்சியை வரவழைக்க வேண்டும். பிளம்ஸும் பேரியும் பழைய கிளையில் உள்ள குட்டையான முண்டுகளில் காய்க்கும். அந்த முண்டுகளைக் காய்ந்த குச்சி என்று நினைத்துச் சுத்தம் செய்தால், இரண்டு மூன்று ஆண்டுக் காய்ப்பு போய்விடும். கூலிக்கு ஆள் வைப்பவர்கள் இதை முன்னதாகச் சொல்லிவிட வேண்டும். நான் சொல்லாமல் விட்டு ஒரு முறை அழுதேன்.

வெட்டு வாயில் போர்டோ பசை பூசுங்கள்: மயில்துத்தம் ஒரு பங்கு, சுண்ணாம்பு ஒரு பங்கு, தண்ணீர் பத்துப் பங்கு. தெளிப்பதற்கு ஒரு சதவீதக் கலவை போதும். வீட்டுக்கு 100 கிராம் மயில்துத்தத்தை ஐந்து லிட்டரிலும், 100 கிராம் சுட்ட சுண்ணாம்பை ஐந்து லிட்டரிலும் தனித்தனியே கரைத்து, துத்தக் கரைசலைச் சுண்ணாம்பில் கலக்கிக்கொண்டே ஊற்றவும். பிளாஸ்டிக் அல்லது மண் பாத்திரமே ஏற்றது, இரும்புப் பாத்திரம் கூடாது. ஒரு பழைய கத்தியை அதில் தோய்த்துப் பார்த்தால், செம்பு நிறம் படிந்தால் சுண்ணாம்பு போதவில்லை என்று பொருள். கலந்த அன்றே அடித்துவிட வேண்டும். பீச்சின் இலைச்சுருட்டைக்கு மருந்து அடிப்பது இலை வந்த பிறகு பயன் தராது. இலை உதிர்ந்த பின்னும் மொட்டு வீங்குவதற்கு முன்னும் அடித்தால்தான் பயன்.

கிளையில் படர்ந்திருக்கும் சாம்பல் நிறப் பாசியைச் சுரண்டத் தேவையில்லை. அது மரத்திலிருந்து எதையும் உறிஞ்சுவதில்லை.

குன்னூர்_சரிவு, நவம்பர் 15

ஹைட்ரேஞ்சியா விடுபட்டுப்போனது. சாதாரணமாக நம் வேலிகளில் உள்ள பெரிய பந்துப் பூ வகை, சென்ற ஆண்டுத் தண்டின் நுனி மொட்டிலிருந்துதான் பூக்கிறது. இப்போது ஒட்ட வெட்டினால் வருகிற பருவத்துக்கு இலை மட்டும்தான் மிஞ்சும். வாடிய பூத்தலைகளைக்கூட மாசி வரை விட்டுவையுங்கள், கீழே உள்ள மொட்டுக்கு அதுவே குடை.

இதை ஒட்டி ஒரு சிறு கதை. முட்டைக்கோசுக்கு வேர்முண்டு நோய் வருகிறது என்று பாத்திக்கு டாலமைட் சுண்ணாம்பு இட்டேன். நம் புளிப்பு மண்ணில் அந்த நோய் கொழிக்கும், சுண்ணாம்பு அதை அடக்கும் என்பதால் அது சரியான வேலைதான். மழை அந்தச் சுண்ணாம்பைக் கீழ் வேலிக்கு அடித்துச் சென்றது. நீலமாகப் பூத்துக்கொண்டிருந்த ஹைட்ரேஞ்சியா அடுத்த ஆண்டு இளஞ்சிவப்பாகப் பூத்தது. புளிப்பு மண்ணில் கரைந்து கிடைக்கும் அலுமினியம்தான் அந்த நீலத்துக்குக் காரணம், சுண்ணாம்பு அதைக் கட்டிவிட்டது. என் துணைவியார் இன்றுவரை மன்னிக்கவில்லை. சுண்ணாம்பு இடுவதாக இருந்தால் கனமழை ஓய்ந்த பின், நடவுக்குச் சில வாரங்கள் முன்பாக இடுங்கள். உருளைக்கிழங்குப் பாத்திக்கு இடவே வேண்டாம், கிழங்கில் சொறி வரும்.

காந்தல்_பள்ளம், டிசம்பர் 12, காலை

ஒரு மாதம் கழித்து எழுதுகிறேன். வேலியின் கீழ் மூலையைத் திறந்துவிட்டேன். ரோஜாவைத் தொடவில்லை, காய்ந்த குச்சியையும் ஒட்டுக்குக் கீழே கிளம்பிய காட்டுத் துளிரையும் மட்டும் எடுத்தேன். டேலியா மண்ணிலேயே இருக்கிறது. நாற்றுப் பாத்தியிலிருந்து சருகை வாரிவிட்டு, பாதிக்கு மட்டும் மிளாறு நட்டேன்; மீதிப் பாதியை வேண்டுமென்றே திறந்துவிட்டேன்.

நேற்று முன்தினம் மழை விட்டது. நேற்று மாலை ஆசிரியர் சொன்னது போலவே காற்று அடங்கி, நட்சத்திரங்கள் தெளிவாகத் தெரிந்தன. இன்று காலை தட்டுத் தண்ணீரில் விரல் நகக் கனத்துக்கு ஏடு கட்டியிருந்தது. புல் முழுவதும் வெள்ளை. திறந்த பாதியில் நாற்றுகளின் ஓரம் கறுத்திருக்கிறது, மிளாறு நட்ட பாதியில் ஒன்றும் ஆகவில்லை. ரோஜாவில் முற்றிய இலைகள் சில சிவந்ததைத் தவிரச் சேதம் இல்லை. திறந்துவிட்ட வேலி மூலைக்கு வெளியே, பக்கத்து வீட்டு ஜெரேனியத் தொட்டிகள் இரண்டு கருகிவிட்டன. என் வீட்டுக் குளிரை அங்கே அனுப்பிவிட்டேனோ என்று சங்கடமாக இருக்கிறது.

கருகிய நாற்றுகளின் இலைகளை இப்போதே கிள்ளிவிடலாமா?

கேத்தி_பழையவர், டிசம்பர் 12, இரவு

கிள்ள வேண்டாம். கருகிய இலை அடுத்த இரவுக்கு உள்குருத்தின் போர்வை. மாசி முதல் வாரம் வரை அப்படியே இருக்கட்டும். அப்போது குருத்து பச்சையாக இருந்தால் கிள்ளுங்கள், இல்லாவிட்டால் பிடுங்குங்கள். ரோஜாக் கவாத்தும் அந்த வாரத்தில்தான்.

பக்கத்து வீட்டாரிடம் இன்றே பேசிவிடுங்கள். அவர்களுடைய தொட்டிகளைத் தாழ்வாரத்துக்குள் நகர்த்தி வைக்க நீங்களே கைகொடுங்கள். மீந்த மிளாறு இருந்தால் அதையும் எடுத்துப் போங்கள்.